முந்நூறு பேர் அமர்ந்த அரங்கு: அறிமுக அறிவியல் வகுப்பில் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது

அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களை ஒரே அரங்கில் 200, 300, சில இடங்களில் 400 பேர் சேர்ந்து கேட்கிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த அரங்குகளுக்குள் பல கருவிகள் நுழைந்துவிட்டன. கையடக்க வாக்குக் கருவியான கிளிக்கர், தானே திருத்தி மதிப்பெண் போடும் இணைய வீட்டுப்பாடம், திரையில் இயங்கும் சோதனைகள், பதிவு செய்த காணொளிகள் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பற்றி வரும் செய்திகளோ ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒரு நாள் ‘கற்றல் இரு மடங்கானது’ என்று படிக்கிறோம். இன்னொரு நாள் ‘கருவியால் வேறுபாடே இல்லை’ என்று வருகிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அது எப்படி என்று விளங்க, கருவியை ஒதுக்கிவிட்டு முதலில் அரங்கைப் பார்க்க வேண்டும்.

## அடைபட்டுக் கிடக்கும் பாதை

ஒரு பாடவேளை 50 நிமிடம். 300 மாணவர் ஆளுக்கு 10 வினாடி பேசினால் 3,000 வினாடி. பாடவேளை அதிலேயே முடிந்துவிடும். பெரிய வகுப்பின் அடிப்படைச் சிக்கல் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

30 பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியர் முகங்களைப் படிப்பார், நோட்டை எட்டிப் பார்ப்பார், ஒருவரை எழுப்பிக் கேட்பார். 300 பேர் அரங்கில் அவர் கண்ணுக்குத் தெரிவது முதல் இரண்டு வரிசை. அங்கே உட்காருபவர்கள் பெரும்பாலும் புரிந்தவர்கள். பின்வரிசையில் என்ன நடந்தது என்பது இடைத்தேர்வு விடைத்தாள் கைக்கு வரும்போதுதான் தெரியும். அதற்குள் ஆறேழு வாரம் ஓடியிருக்கும். அந்தப் பாடத்தின் மேல் வேறு நான்கு பாடங்களும் ஏறியிருக்கும்.

ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செய்தி போகும் பாதையில் தடை ஏதும் இல்லை. பாடநூல் கண்டுபிடித்த நாளிலிருந்தே அது திறந்துதான் இருக்கிறது. அடைபட்டது மாணவரிடமிருந்து ஆசிரியருக்குத் திரும்பும் பாதை. இந்தக் கட்டுரை முழுவதும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. முதல் பாதையை மேலும் அகலமாக்கும் கருவிகள் (அழகான ஸ்லைடு, பெரிய திரை, காணொளிப் பதிவு) கற்றலைச் சிறிதே மாற்றுகின்றன. இரண்டாவதைத் திறப்பவை, வந்த செய்தியை வைத்து ஆசிரியர் ஏதேனும் செய்தால், பெரிதாக மாற்றுகின்றன.

## எதை வைத்து அளக்கிறார்கள்

கற்றல் கூடியது, குறைந்தது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். இயற்பியலில் அதிகம் புழங்குவது விசைக் கருத்துத் தேர்வு. டேவிட் ஹெஸ்டனெஸும் உடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் உள்ள வடிவில் 30 கொள்குறிக் கேள்விகள் உண்டு, கணக்குப் போட வேண்டியது ஒன்றும் இல்லை. கனமான லாரியும் சிறு காரும் மோதினால் எதன்மேல் விசை அதிகம் என்பது போன்ற கேள்விகள். தவறான விடைகள் மாணவர் உண்மையிலேயே நம்பும் எண்ணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-இல் தம் மாணவர்களுக்கு இந்த வகைத் தேர்வைக் கொடுத்தார். மாணவர் மதிப்பீட்டில் நல்ல பெயர் வாங்கியவர் அவர். நீண்ட கணக்குகளைப் போட்டு முடித்தவர்கள், அதே கருத்தைக் கணக்கில்லாமல் கேட்டபோது தடுமாறினார்கள். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டது இத்துறையில் எல்லாரும் அறிந்த செய்தி. பாடம் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் கிடந்ததை அந்தக் கேள்வி காட்டிவிட்டது.

இந்தத் தேர்வைச் செமஸ்டரின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கொடுத்து, ‘இயல்பாக்கிய முன்னேற்றம்’ என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். கூடிய மதிப்பெண்ணை, கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். தொடக்கத்தில் 40, முடிவில் 70 என்றால், கூடியது 30, கூடியிருக்கக்கூடியது 60, முன்னேற்றம் 0.5. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வகுப்பையும் தெரியாத வகுப்பையும் ஒரே தட்டில் வைக்க இந்த வகுத்தல் உதவுகிறது.

ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 பாட வகுப்புகளின் 6,542 மாணவர் முடிவுகளைத் தொகுத்தார். வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி முன்னேற்றம் 0.23. மாணவரை வகுப்பிலேயே சிந்திக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 0.48. ‘இரு மடங்கு’ என்ற தலைப்புச் செய்திகளின் வேர்களில் இது ஒன்று. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளின் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, மாணவர் செயலில் ஈடுபடும் வகுப்புகளில் 21.8. முந்நூறு பேர் வகுப்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் 36 பேர் கூடுதலாகத் தேறுகிறார்கள். முதலாண்டு இயற்பியலில் தோற்றவர் பலர் அறிவியல் படிப்பையே விட்டுவிடுகிறார்கள் என்பதால், அந்த 36 பேரைச் சிறிய எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த எண்கள் எவையும் கருவியைப் பற்றியவை அல்ல. வகுப்பு நடத்தும் முறையைப் பற்றியவை. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

## கிளிக்கர்: ஒரு கேள்வியின் எட்டு நிமிடம்

மசூர் 1991-இல் தொடங்கிய முறைக்குச் சக மாணவர் வழிக் கற்பித்தல் என்று பெயர். தொடக்கத்தில் மின்னணுக் கருவி ஏதும் இல்லை. கையைத் தூக்கச் சொல்வது, எழுத்து அச்சிட்ட அட்டையைக் காட்டச் சொல்வது, அவ்வளவுதான். கிளிக்கர் பின்னால் வந்தது. ஐந்து பொத்தான்கள், ஒரு வானொலி அலைபரப்பி, ஆசிரியரின் கணினியில் ஓர் ஏற்பி. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் உருவாக்கிய ஐ-கிளிக்கர் அவ்வகையில் பரவலானது. இப்போது பல இடங்களில் கைப்பேசிச் செயலியே அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு கேள்வியை நடத்தும் படிகள்:

1. கேள்வி திரையில் வரும். ஒரு நிமிடம் அமைதி. ஆசிரியர் பேசக் கூடாது. கேள்வியை விளக்கத் தொடங்கினாலே பாதி விடை வெளியே வந்துவிடும்.

2. தனித்தனியே வாக்கு, ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். முக்கால்வாசிப் பேர் அழுத்தியதும் ‘இன்னும் 15 வினாடி’ என்று சொல்லி முடிக்கலாம்.

3. முடிவை ஆசிரியர் மட்டும் பார்க்க வேண்டும். பட்டை வரைபடத்தை இந்தக் கட்டத்தில் திரையில் காட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. உயரமான பட்டையைக் கண்டவுடன் அதுவே சரி என்று மாணவர் சாய்ந்துவிடுவார்கள். அப்புறம் நடக்கும் உரையாடலில் விவாதிக்க எதுவும் மிஞ்சாது.

4. சரியான விடை சொன்னவர் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் விவாதம் வீண். தெரிந்தவர் போதவில்லை, பாடத்துக்கே திரும்ப வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டிருந்தால், ‘உங்கள் விடையிலிருந்து வேறுபட்ட விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பேசுங்கள்’.

5. இரண்டு, மூன்று நிமிடம் பேச்சு. ஆசிரியரும் துணைப் பயிற்றுநர்களும் வரிசைகளுக்குள் இறங்கி நடக்க வேண்டும். மாணவர் தவறாக நினைப்பது எந்தச் சொற்களில் என்பது காதில் விழும் இடம் அது ஒன்றுதான்.

6. மறு வாக்கு. பிறகு வரைபடம், விளக்கம். சரியான விடைக்குக் காரணம் சொல்வது பாதி வேலை. கவர்ந்த தவறு ஏன் கவர்ந்தது, எங்கே உடைகிறது என்று சொல்வது மறுபாதி.

எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் ஆகும். 50 நிமிடத்தில் நான்கு கேள்வி வைத்தால் 32 நிமிடம் போய்விடும். பேச மிச்சம் 18. முன்பு 50 நிமிடம் பேசியதை 18-இல் அடக்க முடியாது. ஆகவே பாடத்தின் ஒரு பகுதி வகுப்புக்கு முன்பான வாசிப்புக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பழைய விரிவுரையின் மேல் கிளிக்கரை ஒட்டவைத்தவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் ‘பாடம் முடியவில்லை’ என்று கருவியை அலமாரியில் வைக்கிறார்கள்.

மாணவர் பேசி முடித்ததும் சரியான விடை கூடுகிறதே, நன்றாகப் படிக்கும் பக்கத்து ஆளைப் பார்த்து அழுத்தியதாக இருக்கக் கூடாதா? நியாயமான ஐயம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 350 பேர் கொண்ட மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கேள்வி, தனி வாக்கு, விவாதம், மறு வாக்கு. அதன்பின் விடையைச் சொல்லாமலே, அதே கருத்தைப் புதிய உடையில் கேட்கும் இரண்டாவது கேள்வி, இம்முறை விவாதமின்றித் தனியாக. இத்தகைய 16 இணைகளில் சராசரியாக முதல் வாக்கில் 52 விழுக்காடு சரி, விவாதத்துக்குப் பின் 68, புதிய கேள்வியில் 73. பார்த்து அழுத்தியிருந்தால் மூன்றாவது எண் சரிந்திருக்க வேண்டும். முதலில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது என்பதுதான் அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

## ஒரே கிளிக்கர், இரண்டு வகுப்புகள்

இந்த விவாதத்தை ஒரு சோதனை தெளிவாக்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவருக்கான முதலாண்டு இயற்பியல் இரண்டு பிரிவுகளாக நடந்தது. ஒன்றில் 267 பேர், மற்றதில் 271. பன்னிரண்டாவது வாரம் ஒரு பிரிவில் நல்ல பெயர் பெற்ற, அனுபவமுள்ள பேராசிரியர் தம் வழக்கப்படி விரிவுரை ஆற்றினார். மற்றதை, அனுபவம் அதிகமில்லாத, முனைவர் பட்டம் முடித்த ஓர் இளம் ஆய்வாளரும் உதவியாளரும் எடுத்துக்கொண்டார்கள். முன்வாசிப்பு, கேள்வி, குழு விவாதம், உடனடி விளக்கம் என்ற முறையில் நடத்தினார்கள். பாடம் மின்காந்த அலைகள். மொத்தம் மூன்று மணி நேரம்.

பிறகு இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு. விரிவுரைப் பிரிவின் சராசரி 41 விழுக்காடு, மற்றதன் சராசரி 74. கண்ணை மூடிக் குறித்தாலே 23 விழுக்காடு கிடைக்கும் தேர்வு அது. வருகையும் விவாதம் நடந்த பிரிவில் 57 விழுக்காட்டிலிருந்து 75-க்கு ஏறியது. லூயி டெலோரியே, எலன் ஷெலியூ, கார்ல் வீமன் மூவரும் 2011-இல் இதை வெளியிட்டார்கள். வீமன் 2001-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். அதற்குப் பிறகு அறிவியல் கற்பித்தலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர்.

செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம் இதில் உண்டு. கிளிக்கர் இரண்டு பிரிவிலும் இருந்தது. ஒன்றில் மாணவர் தனியாக அழுத்தினார்கள், விடை அறிவிக்கப்பட்டது, பாடம் தொடர்ந்தது. மற்றதில் அதை வைத்து விவாதம் நடந்தது, ஆசிரியர் அடுத்துச் செய்ய வேண்டியதை முடிவு செய்தார். கருவி பொது, திரும்பி வந்த செய்தியைப் பயன்படுத்தியது ஒரு பிரிவு மட்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த சான்றும் இதையே சொல்கிறது. கியூபெக்கில் நத்தானியேல் லாஸ்ரி 2008-இல் கிளிக்கர் வகுப்பையும் அட்டை காட்டும் வகுப்பையும் ஒப்பிட்டார். இரண்டிலும் சக மாணவர் வழிக் கற்பித்தல்தான். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘கருவியால் பயனில்லை’ என்று இதைச் சுருக்கிச் சொன்னால் தவறாகிவிடும். முறை ஒன்றாக இருந்தபோது அட்டையும் கருவியும் ஒரே பலன் தந்தன என்பதே அதன் பொருள். சிறு வகுப்பில் அட்டையை எண்ணிவிடலாம். 300 பேர் அரங்கில் எண்ண முடியாது; தவிர, பக்கத்து ஆளின் அட்டை தெரியும், யார் எந்த விடை சொன்னார் என்ற பதிவும் கிடைக்காது. கிளிக்கருக்கு அங்கே வேலை இருக்கிறது.

## கேள்வியை எப்படிச் செய்வது

இத்தனைக்கும் அச்சாணி கேள்விதான். கருவி வாங்க ஒரு வாரம் போதும். 40 நல்ல கேள்விகளைச் சேர்க்க ஒரு செமஸ்டர் ஆகும்.

வேதியியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ‘பாத்திரத்தில் நீர் நெடுநேரமாகக் கொதிக்கிறது. அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது என்ன?’ விடைகள்: காற்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், நீராவி, வெற்றிடம்.

சரியான விடை நீராவி. நீரின் கொதிநிலை என்ன என்று கேட்டால் எல்லாரும் 100 டிகிரி என்பார்கள். அந்தக் கேள்வியால் ஆசிரியருக்கு எதுவும் தெரியவராது. இந்தக் கேள்வியிலோ ஒவ்வொரு தவறும் ஒரு நோயைக் காட்டுகிறது. ‘காற்று’ என்பவர், நிலைமாற்றம் என்பதையே மனத்தில் வாங்கவில்லை. குமிழி என்றால் காற்று என்று நினைக்கிறார். ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்பவருக்கு மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதும், மூலக்கூறே உடைவதும் ஒன்றாகத் தெரிகிறது. இரண்டாவது குழுவுக்குப் பிணைப்பாற்றலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் குழுவுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. விவாதம் முடிந்ததும் இணைக் கேள்வி: ‘கொடியில் ஈரத்துணி காய்கிறது. துணியை விட்டுக் கிளம்புவது என்ன?’ கொதிப்பைப் பற்றி மனப்பாடம் செய்தவர் இங்கே அகப்படுவார்.

தவறான விடைகளை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. முந்தைய ஆண்டு விடைத்தாள்களிலும், விளக்கம் எழுதச் சொன்ன சிறு தேர்வுகளிலும் மாணவர் சொந்தச் சொல்லில் எழுதிய தவறுகளை எடுக்க வேண்டும். பத்துப் பேர்கூடத் தேர்ந்தெடுக்காத விடை இடத்தை அடைக்கிறது. அடுத்த ஆண்டு அதை மாற்றிவிடலாம்.

## கோளாறுகள்

1. மதிப்பெண் கூடிப்போவது. சரியான விடைக்குப் பெரிய மதிப்பெண் வைத்தால் விவாதத்தில் நன்றாகப் படிப்பவரே பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். இதை உரையாடல்களைப் பதிவு செய்தே காட்டியிருக்கிறார்கள். பங்கேற்புக்குப் பெரும்பகுதி, சரிக்குச் சிறு பகுதி என்று வைத்து, மொத்தத்தில் இரண்டு முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது. ஒன்றுமே வைக்காவிட்டால் பாதி அரங்கு அழுத்தாது.

2. பதிலாள். நண்பனின் கிளிக்கரையும் சேர்த்து அழுத்துவது. மதிப்பெண் குறைவாக இருந்தால் இந்த ஆசையும் குறையும். 20 விழுக்காட்டு வகுப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாக முதல் நாளே அறிவித்தால், பேட்டரி தீர்ந்தது, பேருந்து தாமதம் என்ற முறையீடுகளும் சேர்ந்து ஓய்ந்துவிடும்.

3. வலையமைப்பு. தனிக் கிளிக்கர் அனுப்புவது சில எழுத்து அளவுச் செய்தி. ஓர் ஏற்பியே அரங்கைத் தாங்கும். கைப்பேசி அப்படியல்ல. 300 கைப்பேசிகள் ஒரே அரை நிமிடத்தில் வை-ஃபையை மொய்த்தால், அணுகுமுனைகளைப் போதிய எண்ணிக்கையில் பிரித்து வைக்காத அரங்கில் பாதிப் பேருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். முதல் வகுப்புக்கு முன்பே, மாணவர் நிறைந்த அரங்கில் இதைச் சோதிக்க வேண்டும். காலி அரங்கில் எல்லாம் நன்றாகவே ஓடும்.

4. கவனச் சிதறல். கைப்பேசி கையில் இருந்தால் மற்றதும் கையில் இருக்கும். கனடாவில் 2013-இல் வந்த ஒரு சோதனையில், மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அந்தத் திரை கண்ணில் பட உட்கார்ந்தவர்களுக்கும் குறைந்தது. என் தேர்வு எதுவென்றால், பணம் இடம் கொடுக்குமானால், பொத்தான் மட்டுமே உள்ள தனிக் கிளிக்கர்தான். நூலகத்திலிருந்து செமஸ்டருக்கு இரவல் கொடுத்தால் மாணவர் தலையில் செலவு விழாது.

## தானே திருத்தும் வீட்டுப்பாடம்

300 பேரின் பத்துக் கணக்குகளை வாரந்தோறும் கையால் திருத்துவது நடக்காத காரியம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1992-இல் 92 மாணவர் கொண்ட ஓர் இயற்பியல் வகுப்பில் கேப்பா என்ற கணினி முறை இதற்காகத் தொடங்கியது. பிற்பாடு லான்-கேப்பா என்ற திறமூல அமைப்பாக வளர்ந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் வேறு. ஒருவருக்கு ‘20 மீட்டர் உயரத்திலிருந்து பந்து விழுகிறது’, அடுத்தவருக்கு 45 மீட்டர். விடைகள் 2.02 வினாடி, 3.03 வினாடி. விடையை இரவல் தர முடியாது. வழியைத்தான் சொல்லித் தர முடியும். அது நல்லதே.

நுணுக்கங்களில்தான் இது கெடுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.8-க்குப் பதில் 10 எடுத்தால் விடை 2.00 வரும், ஒரு விழுக்காட்டைவிடச் சற்றே அதிகமான குறைவு. பொறுதி எல்லையை (விடை எவ்வளவு விலகினாலும் சரி என்று ஏற்கும் அளவை) 1 விழுக்காடு என்று வைத்திருந்தால், முறை முழுக்கச் சரியாகப் போட்டவருக்குத் ‘தவறு’ என்று வரும். அவர் சரியான வழியைச் சந்தேகப்பட்டுத் தவறான வழிக்குப் போவார். 3 விழுக்காடு என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முயற்சி எண்ணிக்கையும் முக்கியம். ஐந்து விடை கொண்ட கொள்குறிக் கேள்விக்கு நான்கு முயற்சி கொடுத்தால், ஒன்றும் தெரியாதவருக்கும் 80 விழுக்காடு வாய்ப்பு. அங்கே ஒன்று அல்லது இரண்டு முயற்சி போதும். எண் விடைக்கு ஐந்தாறு கொடுக்கலாம். ஊகித்து அடைய முடியாது.

இந்த அமைப்பின் உண்மையான சொத்து அதன் பதிவேடு. மாணவர் இட்ட தவறான விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். பந்து விழும் கணக்கில் நிறையப் பேருக்கு 0.71 வந்தால், சூத்திரத்தில் (நேரம் = √(2 × உயரம் ÷ முடுக்கம்)) உள்ள 2-ஐ விட்டுவிட்டார்கள் என்று பொருள். 10 வந்தால், உயரத்தைச் சென்டிமீட்டரில் போட்டிருக்கிறார்கள். நூறு மடங்கின் வர்க்கமூலம் பத்து. எண்கள் ஆளுக்கு ஆள் வேறானாலும் தவறின் விகிதம் ஒன்றே. மறுநாள் காலை வகுப்பில் எதைப் பேச வேண்டும் என்பது இரவே தெரிந்துவிடுகிறது. தானே திருத்தும் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு பதிவேட்டைத் திறக்காத துறைகள், அமைப்பின் மதிப்பில் பாதிக்கு மேல் இழக்கின்றன.

நகலெடுப்பும் அதே பதிவேட்டில் தெரியும். கேள்வியைப் படிக்கவே ஒரு நிமிடம் ஆகும் என்ற நிலையில், திறந்த அரை நிமிடத்தில் சரியான விடை வந்தால் அது போட்ட கணக்கு அல்ல. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இப்படி விடைநேரத்தை வைத்து ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். அதிகம் நகலெடுத்தவர்கள் இறுதித் தேர்வின் கணக்குகளில் மற்றவரைவிடத் தெளிவாகப் பின்தங்கினார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எண்ணை மாற்றும் காவல் பெரும்பாலும் தகர்ந்துவிட்டது. எந்த எண் கொடுத்தாலும் இயந்திரம் வழியோடு எழுதித் தருகிறது. எனவே வீட்டுப்பாடத்தைப் பயிற்சியாக வைத்துக்கொண்டு அதன் எடையைக் குறைத்து, அரங்கில் நடப்பதற்கும் மேற்பார்வையுள்ள தேர்வுக்கும் எடையை மாற்றுவதே இப்போதைக்கு நேரான வழி.

## திரைச் சோதனை, அறை, காணொளி

வீமன் 2002-இல் கொலராடோவில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் ஊடாடும் சோதனைகள் இலவசம். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மின்சுற்றுச் சோதனையில் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். உண்மைக் கம்பியில் தெரியாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இதை வைத்துப் படித்தவர்கள் உண்மை மின்சுற்றைக் கட்டுவதிலும் விளக்குவதிலும் ஆய்வகக் கருவிகளோடு படித்தவர்களை முந்தினார்கள். ‘இந்தப் பொத்தானை அழுத்து, அடுத்து இதை’ என்ற நீண்ட படித்தாளோடு கொடுத்தால் மாணவர் தாளை மட்டும் பின்பற்றுவார்கள். ‘இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் முதல் விளக்கு மங்குமா? முன்பே ஊகித்து எழுதுங்கள், பிறகு பாருங்கள்’ என்ற ஒரு கேள்வியே போதும். பழைய சோதனைகளில் ஃப்ளாஷ் மென்பொருளில் எழுதியவை 2020 முடிவோடு உலாவிகளில் நின்றுபோயின. பாடத்தில் இணைத்த இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பீக்னர் அரங்கையே மாற்றினார். ஏழடி விட்டமுள்ள வட்ட மேசை, ஒன்றுக்கு 9 பேர், மூவர் மூவராக மூன்று குழு. எம்.ஐ.டி.யும் மின்காந்தவியல் பாடத்துக்கு இதே வழியில் 13 மேசை கொண்ட அறையை அமைத்தது. கற்றல் கூடியது, ஆனால் ஓர் அறையில் நூற்றுச் சொச்சம் பேருக்குமேல் இடமில்லை, கட்டும் செலவும் பெரிது.

காணொளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இணையப் பாடங்கள் தரும் எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் பார்வைகளை அலசிய 2014 ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமானாலும் பார்வை நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. 50 நிமிட விரிவுரையைப் பதிவு செய்து ஏற்றினால் அது அடைபடாத பாதையையே மேலும் அகலமாக்குகிறது. ஐந்து நிமிடத் துண்டு, அதன் முடிவில் ஒரு கேள்வி, அந்த விடைகளை வகுப்புக்கு முந்தைய இரவு ஆசிரியர் பார்ப்பது என்றால் பயன் வரும்.

## பணம் போக வேண்டிய இடமும் மாணவர் மனமும்

கருவிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு ஆளுக்கு ஒதுக்காதது துறைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. வீமன் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் நிதியின் பெரும்பகுதி கருவிக்குப் போகவில்லை. பாடப்பொருளும் கற்பித்தல் ஆய்வும் தெரிந்த இளம் முனைவர்களை ஒவ்வொரு துறைக்குள்ளும் அமர்த்தப் போனது. அவர்கள் பேராசிரியரோடு உட்கார்ந்து கற்றல் இலக்குகளை எழுதினார்கள், கேள்விகளைச் செய்தார்கள், வகுப்பைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். சேர்த்த கேள்விகள் அடுத்து அந்தப் பாடத்தை எடுப்பவர் கைக்கு அப்படியே போக வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர் மாறும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

முதல் செமஸ்டரில் மாணவர் மதிப்பீடு விழக்கூடும் என்பதையும் துறைத்தலைவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஹார்வர்டில் டெலோரியே குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தை ஒரே குறிப்புத்தாளோடு இரண்டு முறையிலும் நடத்தினார்கள். விவாதித்துப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்தது போன்ற உணர்வைத் தருகிறது. தானே முட்டி மோதிக் கண்டுபிடிப்பதோ புரியாதது போன்ற உணர்வைத் தருகிறது. இதற்கு ஆய்வாளர்கள் செய்த வேலை எளிது: செமஸ்டரின் தொடக்கத்திலேயே இந்த முரணை மாணவருக்கு எடுத்துச் சொல்வது. கூடவே ஓர் இடைத்தேர்வைச் சீக்கிரமே, மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் வைத்தால், தாம் உணர்ந்ததையும் தம் விடைத்தாள் காட்டுவதையும் மாணவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.